ஸ்பினோசாவின் முற்றுப்பெறாத அதிகாரமும் ருவன்வெல்ல வாக்காளர் இடாப்பும்

1. வினா

1677 பெப்ரவரி 21ஆம் திகதி ஹேக் நகரில் பரூக் ஸ்பினோசா காலமானபோது அவருக்கு வயது 44. அவர் எழுதிக்கொண்டிருந்த ‘அரசியல் ஆய்வுரை’ பாதியில் நின்றது. முடியாட்சியையும் உயர்குழு ஆட்சியையும் விரிவாக ஆராய்ந்த அந்நூல், மக்களாட்சி பற்றிய 11ஆம் அதிகாரத்தின் நான்காம் பிரிவோடு முடிந்துபோகிறது. மக்களாட்சியே முழுமையான ஆட்சி என்று அறிவித்த கையோடு, அந்த ஆட்சியில் யாருக்கெல்லாம் வாக்கில்லை என்று சொல்லவே எஞ்சிய பக்கங்களை அவர் செலவிட்டார். நாட்டின் சட்டங்களுக்கு மட்டுமே கட்டுப்பட்டு, வேறொருவர் கைக்குள் அடங்காமல், ஒழுக்கமாக வாழ்பவருக்கே வாக்கு. ஆகவே அந்நியருக்கு இல்லை; எசமானின் அதிகாரத்தில் இருக்கும் வேலையாட்களுக்கு இல்லை; கணவனின் அதிகாரத்தில் இருப்பதாகக் கருதப்பட்ட பெண்களுக்கு இல்லை; பெற்றோர், பாதுகாவலர் பொறுப்பில் உள்ளவர்களுக்கும் இல்லை.

இலங்கையின் சப்பிரகமுவ மாகாணத்துத் தோட்டங்களின் வரலாற்றை அறிந்தவர் இந்தப் பட்டியலை அமைதியாக வாசித்துவிட்டுப் போக முடியாது. கேகாலை, இரத்தினபுரி மாவட்டங்களின் இறப்பர், தேயிலைத் தோட்டங்களில் வாழ்ந்த தமிழ்த் தொழிலாளரை அரசியல் சமூகத்துக்கு வெளியே நிறுத்தியபோது எழுப்பப்பட்ட நியாயங்களும் இந்த இரண்டுக்குள் அடங்கிவிடும்: இவர்கள் அந்நியர், இவர்கள் பிறர் கைக்குள் இருப்பவர்கள். ஆகவே இக்கட்டுரை ஒரு வினாவையே எடுத்துக்கொள்கிறது. சார்ந்து வாழ்பவருக்கு அரசியல் உரிமை இல்லை என்ற விலக்கு ஸ்பினோசாவின் தத்துவத்திலிருந்து இயல்பாகப் பிறப்பதா, அல்லது அத்தத்துவத்துக்கே முரணானதா? முரணானது என்பது என் முடிவு. அந்த முரணைத் தெளிவாகக் காட்டுவதற்குத் தோட்ட வரலாற்றைவிடப் பொருத்தமான சான்றை நான் அறியேன்.

2. பாதுகாவலர் பொறுப்பில் இருந்த தத்துவவாதி

ஸ்பினோசாவைப் பற்றித் தமிழில் பேசும்போது கடவுளும் இயற்கையும் ஒன்றே என்ற அவரது கோட்பாடே முன்னுக்கு வருகிறது. அதை வேதாந்தத்தோடு ஒப்பிடுவதும் வழக்கம். அவரது அரசியல் சிந்தனை அந்த ஒப்பீட்டுக்குள் மறைந்துபோகிறது. அவர் வாழ்க்கையோ தொடக்கத்திலிருந்தே அரசியல் உரிமையின் எல்லைக்கோட்டில் நடந்த வாழ்க்கை. போர்த்துக்கலின் மதவிசாரணைக்குத் தப்பி வந்த யூதக் குடும்பமொன்றில் 1632 நவம்பர் 24ஆம் திகதி ஆம்ஸ்டர்டாமில் பிறந்தார். அந்நகரம் யூதரை வாழவிட்டது, வணிகம் செய்யவிட்டது. ஆனால் பெரும்பாலான கைவினைச் சங்கங்களின் கதவை அவர்களுக்குத் திறக்கவில்லை. சகிக்கப்படுவதற்கும் சமமாக ஏற்கப்படுவதற்கும் இடையிலுள்ள தூரத்தை அவர் சிறுவயதிலேயே கண்டிருப்பார்.

1654இல் தந்தை இறந்தபோது மகனுக்குக் கிடைத்தது கடன் சூழ்ந்த வணிகம். 1656 மார்ச்சில் அவர் நகர அதிகாரிகளை நாடினார். அன்றைய சட்டப்படி 25 வயதுக்குக் குறைந்தவர் பராயமடையாதவர். அந்த விதியைப் பயன்படுத்தித் தமக்கொரு பாதுகாவலரை நியமிக்கச் செய்து, தந்தையின் கடன்களிலிருந்து விடுபட்டார். நான்கு மாதங்கள் கழித்து, ஜூலை 27ஆம் திகதி, ஆம்ஸ்டர்டாம் யூத சபை அவரைச் சமூகவிலக்கம் செய்தது. எவரும் அவரோடு பேசக்கூடாது, ஒரே கூரையின் கீழ் தங்கக்கூடாது, அவர் எழுதியதை வாசிக்கக்கூடாது என்று ஆணை கூறிற்று. சட்டத்தின் கண்ணில் பாதுகாவலரின் பொறுப்பில் இருந்த 23 வயது இளைஞரின் கருத்துகளைக் கண்டே ஒரு சமூகத்தின் தலைமை அஞ்சியது. சட்டம் ஒருவரைச் சார்ந்திருப்பவர் என்று பதிவுசெய்வதும், அவருடைய தீர்ப்புத்திறன் பிறர் கைக்குள் இருப்பதும் வெவ்வேறு விடயங்கள் என்பதற்கு அவரது 1656ஆம் ஆண்டே சாட்சி. அதே ஆண்டு மே மாதத்தில்தான் ஒல்லாந்தக் கிழக்கிந்தியக் கம்பனி போர்த்துக்கேயரிடமிருந்து கொழும்பைக் கைப்பற்றியது. ஆம்ஸ்டர்டாமின் சுதந்திரத்தை ஸ்பினோசா பின்னர் புகழ்ந்து எழுதினார். அந்நகரின் செல்வத்தில் ஒரு பகுதி இந்தத் தீவின் கறுவாவிலிருந்து போனது என்பதையும் நாம் சேர்த்தே நினைவில் வைக்க வேண்டும்.

அதன் பின்னர் றைன்ஸ்பேர்க், வூர்பேர்க், ஹேக் என்று வாடகை அறைகளில் வாழ்ந்தார்; வில்லைகள் தீட்டினார். நண்பர் சிமோன் டி விரீஸின் குடும்பம் ஆண்டுக்கு 500 கில்டர் தர முன்வந்தபோது 300 போதும் என்றார். அவர் பெயரோடு அவர் வாழ்நாளில் வெளிவந்த ஒரே நூல் தெக்கார்த்தின் மெய்யியலை விளக்கிய 1663ஆம் ஆண்டு நூல். 1670இல் வந்த ‘இறையியல்–அரசியல் ஆய்வுரை’யில் ஆசிரியர் பெயர் இல்லை, ஹம்பேர்க்கில் அச்சானதாகப் பொய் முகவரி இருந்தது, அச்சிட்டது ஆம்ஸ்டர்டாமில். இந்த எச்சரிக்கை கோழைத்தனம் அன்று. அவர் நண்பர் ஆத்ரியான் கூர்பாக் இதையொத்த கருத்துகளைப் பாமரரும் வாசிக்கும் டச்சு மொழியில் தம் பெயரோடு வெளியிட்டு, சிறையிலடைக்கப்பட்டு, 1669இல் அங்கேயே இறந்தார். 1672இல் ஒல்லாந்து அரசியல் தலைவர்களான டி விட் சகோதரர்களை ஹேக் நகர வீதியில் கும்பலொன்று கொன்றது. 1673இல் ஹைடல்பேர்க் பல்கலைக்கழகம் பேராசிரியர் பதவியைத் தந்தபோது, நிறுவப்பட்ட மதத்தைக் குலைக்காத அளவுக்குச் சுதந்திரம் என்ற நிபந்தனையின் எல்லை எதுவெனத் தெரியவில்லை என்று கூறி மறுத்துவிட்டார். நண்பரின் பணத்தில், பிறர் வீட்டு அறையில் வாழ்ந்தவர் தீர்ப்பைச் சொல்லும் உரிமையை மட்டும் யாருக்கும் விட்டுக்கொடுக்கவில்லை.

3. உரிமை என்பது ஆற்றல்

ஸ்பினோசாவின் அரசியல் ஒரு கடினமான கூற்றில் தொடங்குகிறது: ஒவ்வொன்றின் இயற்கையுரிமையும் அதன் ஆற்றல் எவ்வளவோ அவ்வளவே. வானத்திலிருந்து இறங்கிவந்த உரிமை எதுவும் இல்லை. மனிதர் ஒன்றுசேரும்போது அவர்களின் ஆற்றல் கூடுகிறது; ஆகவே உரிமையும் கூடுகிறது. அரசின் உரிமை என்பது மக்கள் திரளின் ஆற்றலால் வரையறுக்கப்படும் உரிமையே. ‘அறவியல்’ நூலில் அவர் காட்டிய, ஒவ்வொரு பொருளும் தன் இருப்பில் நிலைத்திருக்க முயல்கிறது என்ற விதியின் அரசியல் வடிவம் இது.

இங்கே கவனிக்கவேண்டியது ‘அரசியல் ஆய்வுரை’யின் இரண்டாம் அதிகாரத்தில் அவர் சார்பைப் பகுத்துக் காட்டும் முறை. ஒருவர் மற்றொருவரின் கைக்குள் எப்படி வருகிறார்? கட்டிவைக்கப்படலாம், தப்பும் வழியும் தற்காக்கும் கருவியும் பறிக்கப்படலாம், அச்சமூட்டப்படலாம், நன்மைகள் காட்டி வசப்படுத்தப்படலாம். முதல் இரண்டும் உடலை மட்டும் பிடிக்கின்றன. பின்னிரண்டும் உள்ளத்தையும் பிடிக்கின்றன. ஆனால் அச்சமோ எதிர்பார்ப்போ நீங்கிய கணத்தில் அந்தப் பிடி விட்டுப்போகிறது. ஆக, சார்பு பிறப்பில் வருவதன்று. அது ஓர் உறவு. காரணங்களால் உண்டாகி, காரணங்கள் நீங்கினால் நீங்கும் நிலை. ஏழாம் அதிகாரத்திலோ இன்னும் துணிந்து பேசுகிறார். பாமர மக்களிடம் நிதானமும் உண்மையறியும் திறனும் இல்லை என்போருக்கு அவர் தரும் விடை: இயற்கை எல்லோருக்கும் ஒன்றே, பொதுவானதே. பதவியும் பகட்டும் நம் கண்ணை மறைக்கின்றன. அரசின் அலுவல்களை மக்களிடமிருந்து மறைத்துவிட்டு, அவர்கள் தவறாகத் தீர்ப்பளிக்கிறார்கள் என்று குறைசொல்வது அறிவீனம்.

இதே நூலின் 11ஆம் அதிகாரத்தில் வேலையாட்கள் விலக்கப்படுவதை ஆய்வாளர் பலவாறு விளக்கியுள்ளனர். பெண்களும் வேலையாட்களும் விலக்கப்பட்டது தற்செயலான தடுமாற்றமன்று, சார்பு பற்றிய கோட்பாட்டோடு இணைந்தே அதை விளங்கிக்கொள்ள வேண்டும் என்று 1977இல் அலெக்ஸாந்தர் மத்தெரோன் வாதிட்டார். அந்தோனியோ நெக்ரி சிறையிலிருந்து எழுதி 1981இல் வெளியான நூலில், திரளின் ஆக்கசக்தியே ஸ்பினோசா அரசியலின் மையம் என்றார். எதியன் பலிபார், திரள் உணரும் அச்சமும் திரளைக் கண்டு ஆட்சியாளர் கொள்ளும் அச்சமும் ஆகிய இரண்டுக்கும் இடையில் அவர் சிந்தனை ஊசலாடுவதைக் காட்டினார். மூவரில் பலிபாரின் வாசிப்பே உண்மைக்கு மிக அருகில் உள்ளது என்று கருதுகிறேன். ஆயினும் ஒன்று எஞ்சுகிறது. விலக்கப்பட்டவர்களின் பக்கத்திலிருந்து இந்த விலக்கை எடைபோட வேண்டும். அதற்கு ஒரு மெய்யான சமூகம் வேண்டும்.

4. சார்பு உண்டாக்கப்பட்ட விதம்

தென்னிந்தியாவிலிருந்து வந்த தொழிலாளி ஆள்சேர்த்துவந்த பெரிய கங்காணியிடம் பட்ட கடனோடுதான் இலங்கைத் தோட்டத்துக்குள் நுழைந்தார். அந்தக் கடன் ‘துண்டு’ எனப்பட்ட சீட்டில் எழுதப்பட்டது. வேறு தோட்டத்துக்குப் போக வேண்டுமென்றால் புதிய தோட்டம் துண்டில் கண்ட தொகையைக் கட்ட வேண்டும். ஆள் மாறவில்லை, கடன்தான் கைமாறியது. 1921இல் துண்டுமுறை சட்டத்தால் ஒழிக்கப்பட்டது. ஆனால் தோட்டத்தின் வரிசைக் குடியிருப்பான லயம் இருந்தது. வேலையிருந்தால்தான் காம்பரா. தோட்டத்துரை வேலைநீக்கச் சீட்டான பத்துச்சீட்டைக் கொடுத்தால் வேலையோடு வீடும் போகும். தண்ணீர்ப் பீலியும், பிள்ளைமடுவமும், அடுத்த காம்பரா உறவினரும் ஒரே நாளில் போவார்கள். இறப்பர்த் தோட்டத்தில் விடியும் முன்னே பிரட்டுக்களத்தில் நிற்க வேண்டும். குளிர்ந்த காலையில்தான் பால் நன்றாக வடியும். மழை பெய்து பட்டை நனைந்தால் பால்வெட்டு இல்லை, வேலையில்லாத நாளுக்குப் ‘பேர்’ எனப்படும் நாள்வரவும் இல்லை. அரைப்பேரா முழுப்பேரா என்பது வரவுப் பதிவேடான செக்ரோலை வைத்திருப்பவரின் கையில். அச்சமும் எதிர்பார்ப்பும் உள்ளத்தைப் பிடிக்கும் என்று ஸ்பினோசா எழுதியதன் முழு இயந்திரமும் இங்கே கண்முன் நிற்கிறது.

சப்பிரகமுவவில் இது இன்னும் கூர்மையாக இருந்தது. நுவரெலியா மாவட்டத்தைப்போலத் தோட்டங்கள் இங்கு ஒன்றோடொன்று ஒட்டிக் கிடப்பவையல்ல. சிங்களக் கிராமங்களுக்கிடையே சிதறிக் கிடப்பவை. 1947 பொதுத்தேர்தலில் இலங்கை இந்தியன் காங்கிரஸ் ஏழு ஆசனங்களை வென்றபோது அவற்றில் ஒன்றுகூட இம்மாகாணத்தில் இல்லை. பக்கத்துக் கிராமத்தோடு இணைந்து வாழவேண்டிய இந்தத் தொழிலாளரைச் சட்டம் கிராமத்திலிருந்தும் பிரித்தது. 1930களின் இறுதியில் கிராமசபை வாக்குரிமையை விரிவாக்கியபோது இந்தியத் தொழிலாளரை இனம் குறிப்பிட்டு விலக்க முயன்றனர். எதிர்ப்பு எழுந்ததும் சொற்களை மாற்றினர்: எந்த இனத்தவராயினும் தோட்டத்துக் குடியிருப்பில் வாழும் தொழிலாளிக்கு வாக்கில்லை. இனத்தின் பெயரால் செய்ய முடியாததைச் சார்பின் பெயரால் செய்தார்கள். சார்பு என்ற அளவுகோலை அரசியலுக்குள் அனுமதித்தால் அது எங்கே போய்ச் சேரும் என்பதற்கு இந்தச் சொல்மாற்றமே போதுமான சான்று.

1946இல் கேகாலை மாவட்டத்தில் நடந்த உருளவள்ளிப் போராட்டம் மற்றொரு பக்கத்தைக் காட்டுகிறது. கிராம விஸ்தரிப்புக்காக அரசு நேவ்ஸ்மியர் தோட்டத்தை எடுத்துக்கொண்டு தொழிலாளரை வெளியேறச் சொன்னது. அவர்கள் மறுத்தார்கள். லயத்தில் தொடர்ந்து தங்கியிருப்பது அத்துமீறல் குற்றமாக்கப்பட்டது. அவர்களுக்கு ஆதரவாகப் பிற தோட்டங்களும் வேலைநிறுத்தத்தில் இறங்கின. லயத்தை விட்டுப்போக மறுத்த தோட்டத் தொழிலாளி ஒருவரின் வழக்கு 1950இல் இறுதி மேன்முறையீட்டு மன்றமான பிரிவிக் கவுன்சில் வரை சென்றது. தன் குடியிருப்பில் தொடர்ந்து இருப்பவரின் முதன்மை நோக்கம் அங்கே வாழ்வதே, உரிமையாளரைத் தொந்தரவு செய்வது அன்று என்று அம்மன்று கொண்டது. எதிர்க்க வேறு வழியற்ற நிலையில், அசையாமல் இருப்பதே ஆற்றலாயிற்று.

5. ருவன்வெல்ல வழக்கு

1931இல் டொனமூர் சீர்திருத்தத்தின்படி சர்வசன வாக்குரிமை வந்தபோதே தோட்டத் தமிழருக்கு நிரந்தர வதிவிடம், கல்வி, சொத்து போன்ற கூடுதல் நிபந்தனைகள் விதிக்கப்பட்டன. கண்டிப் பகுதி வாக்குகளை அவர்கள் மூழ்கடித்துவிடுவார்கள் என்ற அச்சமே காரணம். சுதந்திரத்தின் பின்னர் 1948ஆம் ஆண்டு 18ஆம் இலக்கப் பிரசாவுரிமைச் சட்டம், இலங்கையில் பிறந்தவரும் தம் தந்தை இங்கு பிறந்ததை நிரூபிக்க வேண்டும் என்றது. அதுவும் முடியாவிட்டால் பாட்டனும் முப்பாட்டனும் இங்கு பிறந்ததைக் காட்ட வேண்டும். 1949ஆம் ஆண்டு 48ஆம் இலக்கச் சட்டம் பிரசைகளுக்கே வாக்கு என்றது. அச்சட்டங்களை எதிர்த்த முக்கியமான வழக்கு கேகாலை மாவட்டத்தின் ருவன்வெல்ல தொகுதியிலிருந்து எழுந்தது. வாக்காளர் இடாப்பில் தம் பெயரைச் சேர்க்கும்படி கோடக்கன்பிள்ளை கேட்டார், பதிவதிகாரி மறுத்தார், மீளாய்வு அதிகாரியோ, ஒரு சமூகத்துக்கு மட்டும் பாதகம் விளைவிக்கும் சட்டம் சோல்பரி யாப்பின் 29ஆம் பிரிவுக்கு முரண் என்று கூறி அவர் பக்கம் தீர்ப்பளித்தார். உயர் நீதிமன்றம் அதை நீக்கியது. 1953இல் பிரிவிக் கவுன்சிலும் மேன்முறையீட்டைத் தள்ளியது. தன் பிரசைகள் யார் எனத் தீர்மானிப்பது சட்டமன்றத்தின் இயல்பான பணி என்றும், இந்தியத் தமிழரின் இடம்பெயரும் பழக்கம் அவர்கள் பிரசைகளாகத் தகுந்தவர்களா என்ற கேள்விக்கு நேரடியாகப் பொருந்துவது என்றும் அது கூறியது.

இடம்பெயரும் பழக்கம் என்ற அந்தக் காரணத்தை ஸ்பினோசாவின் இரண்டாம் அதிகாரத்தோடு சேர்த்து வாசிக்க வேண்டும். நிலம் வாங்க வழியில்லாமல், பத்துச்சீட்டில் வீடிழக்கும் நிலையில் வைக்கப்பட்ட ஒருவர் ஊருக்கும் தோட்டத்துக்குமாகப் போய்வந்தார் என்றால், அது அவரது பழக்கம் என்பதைவிட அவரைப் பிடித்திருந்த அமைப்பின் விளைவு. விளைவைக் காரணமாக எடுத்துக்கொள்வதுதான் மனித அறிவின் முதன்மையான மயக்கங்களில் ஒன்று என்று ‘அறவியல்’ முதற்பாகத்தின் பின்னிணைப்பில் ஸ்பினோசா விரித்துரைத்தார். அவரது மெய்யியல் முழுவதும் காரணங்களைத் தேடிப் போகச் சொல்கிறது. அந்தத் தீர்ப்போ காரணத்துக்கு முன்னே நின்றுவிட்டது.

6. மூன்று மறுப்புகள்

உரிமை ஆற்றலுக்குச் சமம் என்றால், தோட்டத் தமிழரின் வாக்கைப் பறிக்கும் ஆற்றல் பெரும்பான்மைக்கு இருந்தது. ஆகவே உரிமையும் இருந்தது. ஸ்பினோசாவை வைத்து இதைக் கண்டிக்க இடமில்லை என்பது முதல் மறுப்பு. மிக வலுவானதும் இதுவே. ஆனால் அவரது வாதம் இரு பக்கமும் வெட்டுவது. பெருந்தொகையானோரின் கொதிப்பைத் தூண்டும் செயல் அரசின் உரிமைக்குள் அடங்குவது குறைவு என்கிறார் மூன்றாம் அதிகாரத்தில். குடிகள் மந்தைபோல் அடங்கிக் கிடப்பதால் நிலவும் அமைதியைக் கொண்ட நாடு பாலைவனத்துக்கே ஒப்பாகும் என்கிறார் ஐந்தில். இலட்சக்கணக்கானோரை நாடற்றவராக்கிய அரசு தன் திரளைச் சுருக்கியது. ஆகவே தன் ஆற்றலையே சுருக்கியது. 1964இன் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் 9,75,000 பேரின் தலைவிதியை இரு நாடுகளுக்கிடையே பங்கிட்டது. 5,25,000 பேரை இந்தியாவும் 3,00,000 பேரை இலங்கையும் ஏற்கும், மீதியைப் பின்னர் பார்க்கலாம் என்றது. பொருளாதாரத்தைத் தாங்கிய தொழிலாளரை வெளியனுப்பிய நாடு வலுப்பெற்றது என்று எவராலும் காட்ட முடியாது. 1977இலும் 1981 ஓகஸ்டிலும் இரத்தினபுரிப் பகுதித் தோட்டங்களில் லயங்கள் தாக்கப்பட்டுக் குடும்பங்கள் வவுனியாவை நோக்கி ஓடியபோது, வாக்கும் பிரதிநிதியும் இல்லாத மக்களுக்குப் பாதுகாப்பும் இல்லை என்பது தெரிந்தது.

இரண்டாவது மறுப்பு மத்தெரோனின் வாசிப்பிலிருந்து வருவது. சார்ந்திருப்பவருக்கு வாக்களித்தால் எசமானின் கையில் நூறு வாக்குகள் சேரும். ஆகவே விலக்கு சமத்துவத்தையே காக்கிறது. கோட்பாட்டில் இது நியாயமாகவே தோன்றுகிறது. கங்காணிமார் சொற்படி விழுந்த வாக்குகள் இல்லவே இல்லை என்றும் நான் சொல்லமாட்டேன். ஆனால் 1947ஆம் ஆண்டின் முடிவு இந்த வாதத்தை முறிக்கிறது. தோட்டத் தொழிலாளர் துரைமார் விரும்பிய பக்கம் வாக்களிக்கவில்லை. தம் அமைப்பான இலங்கை இந்தியன் காங்கிரசுக்கும், அது நிற்காத இடங்களில் பெருமளவில் இடதுசாரிகளுக்கும் வாக்களித்தார்கள். வழக்கு எழுந்த ருவன்வெல்ல தொகுதியே 1936 முதல் சமசமாஜத் தலைவர் என்.எம். பெரேராவைத் தெரிவுசெய்த தொகுதி. வாக்குப் பறிப்புக்கு இந்த முடிவு தந்த கலக்கமும் ஒரு காரணம் என்பது வரலாற்றாசிரியர் பலரின் கணிப்பு. அப்படியானால் அவர்கள் தண்டிக்கப்பட்டது சார்ந்திருந்ததற்காக அன்று. சார்பின் நடுவே சொந்தமாகத் தீர்ப்பளிக்க முடியும் என்று காட்டியதற்காக. 1656இல் பாதுகாவலர் பொறுப்பில் இருந்த அந்த இளைஞருக்கு நேர்ந்ததும் இதுவே.

17ஆம் நூற்றாண்டு ஐரோப்பியரை 20ஆம் நூற்றாண்டு இலங்கையால் அளப்பது காலமுரண் என்பது மூன்றாவது மறுப்பு. இதற்கு நீண்ட விடை தேவையில்லை. இங்கே ஸ்பினோசாவை அளப்பது அவரது சொந்த அளவுகோல். இயற்கை எல்லோருக்கும் பொது என்ற ஏழாம் அதிகாரமும் விலக்குப் பட்டியலைத் தரும் 11ஆம் அதிகாரமும் ஒரே கையெழுத்துப்படியில் இருக்கின்றன. பெண்கள் எங்கும் ஆண்களோடு சேர்ந்து ஆண்டதில்லை, ஆகவே அது அவர்களின் இயல்பு என்று கடைசிப் பிரிவில் அவர் எழுதும்போது, பதவியின் பகட்டு கண்ணை மறைக்கிறது என்று தாமே எச்சரித்த பிழையில் தாமே விழுகிறார். பால்வெட்டும் கொழுந்தும் பெண்களின் உழைப்பால் நடந்த தோட்டங்களின் பின்னணியில் அந்தப் பிரிவை வாசிப்பது வேதனையானது.

விலக்கை நீக்கிவிட்டு அவரது இரண்டாம் அதிகாரத்தை மட்டும் கையில் எடுத்தால், அது அரசின்மேல் ஒரு கடமையைச் சுமத்துகிறது: குடிமகனைப் பிறர் கைக்குள் வைத்திருக்கும் காரணங்களைக் களைவது. பிரசாவுரிமை 1986, 1988, 2003ஆம் ஆண்டுச் சட்டங்களால் மீண்டது. ஆனால் 1987இன் பிரதேச சபைச் சட்டத்தின் 33ஆம் பிரிவு தோட்டங்களுக்குள் சபையின் நிதியைச் செலவிடத் தடையாக நின்றது. தோட்ட மக்கள் பிரதேச சபைக்கு வாக்களிக்க முடிந்தது, தங்கள் லயத்துப் பாதையை அச்சபை செப்பனிடுவதற்குச் சட்டம் இடந்தரவில்லை. 2018இன் 30ஆம் இலக்கத் திருத்தச் சட்டம் வரை அது நீடித்தது. தோட்டக் காணிகள் அரசுக்குச் சொந்தம். 1992 முதல் கம்பனிகள் அவற்றை நிர்வகிக்கின்றன. 7 பேர்ச் காணியில் தனிவீடு என்ற திட்டம் சிலரை மட்டுமே எட்டியிருக்கிறது. கேகாலையிலும் இரத்தினபுரியிலும் இன்றும் லயத்தில் வாழ்ந்துகொண்டு வாக்களிக்கப் போகிறவரின் வீடு அவருடையதன்று. ஸ்பினோசாவின் கணக்கில் அவர் இன்னும் பாதி பிறர் கைக்குள் இருப்பவர். அதற்குப் பதில்சொல்ல வேண்டியது அந்தக் காணியின் உரிமையாளரான அரசு.